வார்ப்புப் பெட்டியும் வாய்ப்பேச்சும்

“மாணவ சமுதாயத்தை வார்த்தெடுப்போம்” என்று மேடைதோறும் முழங்குவது ஆசிரியராகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. எதில் வார்ப்பது, வார்ப்பவன் யார், அவன் மூச்சுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

ஒலுவில் வயல்களுக்கு நீரிறைக்கும் பம்பியின் இரும்புக் கூடு எங்கோ ஒரு வார்ப்படச்சாலையின் மணலில் பிறந்தது. அம்மணலைத் தாங்கி நிற்பது வார்ப்புப் பெட்டி: அடியும் மூடியும் இல்லாத இரு சட்டங்கள். கீழ்ப்பெட்டியில் மாதிரியை வைத்து ஈரமணலை இடித்து நிரப்புவர். அதைப் புரட்டி, மேல்பெட்டியை முளைகளாற் பொருத்தி, அதிலும் மணலை இடிப்பர். பிரித்து மாதிரியை எடுத்தபின் எஞ்சும் வெற்றிடத்திலேயே உருகிய இரும்பு பாயும். ஆவி வெளியேற வழியில்லையேல் வார்ப்புப் பழுதாகும். மேலே பாரமில்லையேல் உலோகம் மேல்பெட்டியையே தூக்கிவிடும். இத்தனை நுட்பம் அறிந்தவனைத்தான் நாம் ‘கூலியாள்’ என்கிறோம்!

இரு பெட்டிகளின் மணலும் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையே ஒரு பொடியைத் தூவுவர். அதில் சிலிக்கா மிகுந்திருந்தால், தூசு நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராநோயைத் தரும். பிரித்தானியா அத்தகைய பொடிகளை வார்ப்படச்சாலைகளில் 1950இலேயே தடைசெய்தது. பளிங்குருச் சிலிக்காத் தூசு புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் அறிவித்தது. எனவே, அறியாமையால் நேர்ந்தது என்று எந்த முதலாளியும் இனிச் சாட்டுச் சொல்ல முடியாது.

ஆயினும் 2007இல் உலகம் கண்டதென்ன? நியூயோர்க் வீதிகளின் பாதாளக் குழிகளுக்கான இரும்பு மூடிகளை, வங்காளத்து ஹவுராவில் தொழிலாளர் வெறுங்காலோடும் வெற்றுடம்போடும் வார்த்துக்கொண்டிருந்தனர். படங்கள் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்த பின்னரே, மூடிகளை வாங்கிய கொன் எடிசன் நிறுவனம் ஒப்பந்தங்களிற் பாதுகாப்பு நிபந்தனைகளைச் சேர்ப்பதாகக் கூறியது. அதுவரை அம்மூடிகளின் மலிவு விலையை மட்டுமே அது கண்டது போலும்!

“ஏழை நாடுகளுக்குப் பாதுகாப்பு ஓர் ஆடம்பரம், விதிகளை இறுக்கினால் வேலையே போய்விடும்” என்பார் உளர். இது யாருடைய கணக்கு? சிலிக்கா இல்லாத பொடி, தூசை இழுத்தகற்றும் விசிறி, காலுக்குச் சப்பாத்து ஆகியவற்றின் செலவை முதலாளியின் ஏட்டிலிருந்து நீக்கினால் அது மறைந்துவிடுவதில்லை. தொழிலாளியின் நெஞ்சிலே இருமலாகவும், அவன் வீட்டு அடுப்பிலே பட்டினியாகவும் அச்செலவு வந்து சேர்கிறது.

ஒலுவில் மண்ணில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறியியலும் கற்பிக்கிறது. உயர்தர வகுப்புகளில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் உண்டு. பெட்டியின் பாகங்களைக் குறிக்கக் கற்பிக்கும் அதே வகுப்பில், அதன்மீது குனிந்து நிற்பவனின் நுரையீரலைப் பற்றியும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அவனுக்குத் தரும் உரிமைகளைப் பற்றியும் கற்பித்தல் வேண்டும். நாளை பட்டறைக்குப் பொறுப்பேற்கும் மாணவன், முதல் நாளிலேயே அந்தப் பொடி எதனாலானது என்று கேட்க வேண்டும். அக்கேள்வியை அவனுக்குக் கற்பிக்காத நாம், ‘வார்த்தெடுத்தல்’ என்னும் சொல்லை மேடையில் எடுத்தாள உரிமையற்றவர்கள்.