ஊர் பெயர் இல்லாத சாவு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தேன். எங்க ஊர் வேலூர் பக்கம். தெருவுக்கு நாலு பேராவது மிலிட்டரியில இருந்திருப்பாங்க. ஹெட்மாஸ்டர் ரூம் சுவத்துல பழைய போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கும். யூனிஃபார்ம்ல ஒருத்தர், மீசை கூட சரியா முளைக்காத முகம். என் பெரியப்பாவோட கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆளெடுப்புக்குப் போய், ஒண்ணா செலக்ட் ஆனவங்க. பெரியப்பா திரும்பி வந்தார், அவர் வரலை.

போட்டோவுக்குக் கீழே பெயர் இருக்கு, பிறந்த தேதி, இறந்த தேதி இருக்கு, "நாட்டுக்காக இன்னுயிர் ஈந்தவர்"னு ஒரு வரி இருக்கு. எங்கே செத்தார்னு மட்டும் இல்லை. சின்ன வயசுல பாகிஸ்தான் பார்டர்னு நானா நெனச்சுக்கிட்டேன். காலேஜ் படிக்கும்போதுதான் பெரியப்பா ஒரு நாள் சொன்னார், யாழ்ப்பாணம், 1987.

இந்தத் தடவை அங்க இருந்த வாத்தியார்கிட்ட "ஏன் சார் இடத்தைப் போடலை?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னார், "எதுக்குப்பா வம்பு?"

அந்த வம்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். கார்கில்ல, 1999-ல, நாம இழந்தது 527 பேர். வருஷா வருஷம் ஜூலை 26 கொண்டாடறோம், சினிமா எடுக்கறோம், வாட்ஸப்ல டிபி மாத்தறோம். அதெல்லாம் வேணும், தப்பே சொல்லலை. ஆனா இலங்கைக்குப் போன அமைதிப்படையில, 1987 ஜூலையில இருந்து 1990 மார்ச் வரைக்கும், செத்தவங்க 1,100 பேருக்கு மேல. கார்கிலை விட ரெண்டு மடங்குக்கும் அதிகம். இதை என் காலேஜ் குரூப்ல போட்டேன். அரை மணி நேரத்துல குரூப் ரெண்டா உடைஞ்சது.

முதல் கோஷ்டி: "அவனுங்க நம்ம ஜனங்களைக் கொன்னவனுங்க. அவனுங்களுக்கு எதுக்குடா அஞ்சலி?"

ரெண்டாவது கோஷ்டி: "நம்ம ராணுவம் அப்படியெல்லாம் பண்ணாது. அதெல்லாம் புலிப் பிரச்சாரம்."

ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும்னு தோணுச்சு.

ரெண்டாவது கோஷ்டிக்கு முதல்ல. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்னிக்கு அமைதிப்படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள்னு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. உள்ளே இருந்து சுட்டாங்க, அதான் திருப்பிச் சுட்டோம்னு ராணுவம் சொன்னது. படுக்கையில கிடந்த நோயாளி எந்தத் துப்பாக்கியால சுட்டார்? 1989 ஆகஸ்ட்ல வல்வெட்டித்துறையில பொதுமக்கள் ஐம்பது பேருக்கு மேல கொல்லப்பட்டாங்க. இது பிரச்சாரம் இல்லை. அடக்கம் பண்ணவங்களும் அழுதவங்களும் இன்னிக்கும் அங்க இருக்காங்க. இதை மறைச்சுட்டு நாம வைக்கிற மலர்வளையம், செத்த சிப்பாயையும் சேர்த்துப் பொய்யன் ஆக்கிடும்.

இப்ப முதல் கோஷ்டி. 1987 ஜூலை 29 கொழும்புல ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. சிப்பாய்கிட்ட சொன்னது, அமைதியைக் காக்கப் போறோம்னு. யாழ்ப்பாணத்து ஜனங்களும் மாலை போட்டு வரவேற்றாங்க. பத்தே வாரத்துல அது யுத்தமாச்சு. அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல இருந்து ஆட்களை இறக்கினாங்க. ரேடியோல பேசினதை ஒட்டுக் கேட்டு, புலிகள் தயாரா காத்திருந்தாங்க. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியோட முப்பது பேர் கொண்ட பிளட்டூன்ல பிழைச்சது ஒரே ஒருத்தர். பஞ்சாப்ல இருந்து வந்த பையனுக்கு அந்த மைதானம் எந்தத் திசையில இருக்குன்னு கூடத் தெரிஞ்சிருக்காது.

நவம்பர் 25-ல மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் செத்தார். நெஞ்சுல குண்டு வாங்கின பிறகும் கடைசி வரைக்கும் சண்டை போட்டதுக்காக பரம் வீர் சக்ரா கொடுத்தாங்க. நாட்டோட மிக உயர்ந்த ராணுவ விருது, வாங்கினவர் தமிழர். நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? அவர் எதிரே நின்னதும் தமிழர்கள்தான். அதான் பேசக் கூசுது. சரி, கூசட்டும். கூசுதுங்கறதுக்காக நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா?

இதுல அரசாங்கங்கள் ஆடின ஆட்டத்தையும் பாருங்க. 1989-ல இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவோட அரசே, அமைதிப்படைக்கு எதிரா புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச் 24 கடைசிப் படையும் திரிகோணமலையை விட்டுக் கிளம்பிச்சு. கப்பல் மெட்ராஸ் வந்தப்ப, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன்னு முதல்வர் கருணாநிதி போகலை. அவர் கோபத்துல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கோபம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் டெல்லி. வாங்கிக்கிட்டது கப்பல்ல இருந்து டிரங்குப் பெட்டியோட இறங்கின என் பெரியப்பா. "ஹார்பர்ல இறங்கி பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்டா"ன்னு மட்டும் சொல்வார். அதுக்கு மேல கேட்டா வெத்தலைப் பெட்டியைத் தேட ஆரம்பிச்சுடுவார்.

அப்புறம் பார்த்தா, அமைதிப்படையில செத்தவங்களுக்கு இலங்கை அரசு பத்தரமுல்லையில நினைவிடம் கட்டியிருக்கு. 2015-ல பிரதமர் மோடி அங்க போய் மலர்வளையம் வச்சார். சுதந்திரத்துக்கு அப்புறம் செத்த எல்லா வீரர்கள் பேரையும் பொறிச்சு தேசியப் போர் நினைவுச்சின்னம் டெல்லியில திறந்தது 2019 பிப்ரவரி 25. அனுப்பி வச்ச நாடு, ஒரு கல்லுல பேர் எழுத எடுத்துக்கிட்டது முப்பது வருஷத்துக்கு மேல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

2009-க்கு அப்புறம் ஈழத்துல மாவீரர் துயிலும் இல்லங்களை புல்டோசர் விட்டு இடிச்சாங்க. கோப்பாய்ல கல்லறைகள் இருந்த இடத்து மேலயே ராணுவ முகாம் கட்டினாங்க. இன்னொரு பக்கம் கிளிநொச்சியிலயும் புதுக்குடியிருப்புலயும் வெற்றிச் சின்னம். ஜெயிச்சவனுக்கு மட்டும் ஞாபகம் வச்சுக்க உரிமை, தோத்தவன் வீட்டு அம்மா விளக்கு ஏத்தக் கூடாது. நவம்பர் 27 வந்தா நாம கொதிக்கிறோமே, எதுக்கு? செத்தவன் எந்தப் பக்கம் நின்னாலும் அவனைப் பெத்தவளுக்கு அழ உரிமை இருக்குன்னுதானே? அந்த நியாயம் கோப்பாய் அம்மாவுக்கு உண்டுன்னா, வேலூர் அம்மாவுக்கும் லூதியானா அம்மாவுக்கும் உண்டு. நமக்கு வேண்டியவங்களுக்கு மட்டும் கேட்டா அது நியாயம் இல்லை, கட்சி கட்டறது.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா?"ன்னு கேப்பீங்க. இல்லை. அந்நிய மண்ணுக்கு ஆயுதத்தோட போனவனும் அந்த மண்ணுக்காரனும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஒருத்தனை ஞாபகம் வச்சுக்கறது அவனுக்குத் தர்ற நற்சான்றிதழ் கிடையாது. அவன் இருந்தான், செத்தான், இன்ன இடத்துல, இன்னார் அனுப்பி. இந்த நாலையும் சொல்றதுதான் நினைவு. நாலாவதைச் சொல்ல பயந்துக்கிட்டு நாம மூணாவதை அழிக்கிறோம்.

எங்க பக்கத்து ஊர்கள்ல சிலதுல வெள்ளைக்காரன் வச்ச கல் இருக்கு. இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் 1914-ல ஆரம்பிச்ச பெரிய யுத்தத்துக்குப் போனாங்க, இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு எண்ணிக்கை மட்டும் இருக்கும், பேர் இருக்காது. அவனுக்கு நாம வெறும் எண்ணிக்கை. நம்ம அரசாங்கம் வந்து பேரைப் போட்டுச்சு, இடத்தை விட்டுடுச்சு. எங்கே செத்தான்னு எழுதினா, ஏன் அங்க அனுப்பினேன்னு அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விதான் வாத்தியார் சொன்ன வம்பு.

வாத்தியார்கிட்ட ஒரு பெயிண்டரைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னார். பெரியப்பாகிட்டயும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எழுதறதா இருந்தா யாழ்ப்பாணம்னு சரியா எழுதச் சொல்லுடா, ழானா போட்டு"ன்னார்.

டிஸ்கி: ரெண்டு கோஷ்டியும் திட்ட வருவீங்கன்னு தெரியும். வாங்க. ஆனா ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஊர்லயும் இப்படி ஒரு போட்டோ இருக்கும். திட்டறதுக்கு முன்னாடி அதுல இடம் எழுதியிருக்கான்னு பார்த்துட்டு வாங்க.