கிடுகு வேலியும் கல்வேலியும்

நெடுந்தீவுக்கு முதன்முறை செல்பவர்கள் குதிரைகளைத் தேடுவார்கள். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளைச் சுற்றி வருவார்கள். பெருக்குமரத்தின் பொந்தினுள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சென்ற மாதம் நாம் அங்கு போயிருந்தபோது எம் கண்ணைப் பிடித்து நிறுத்தியவை வேலிகளே. ஒழுங்கை தோறும் பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லைக் கல்லே தாங்கி நிற்கின்றது.

எமது இளமைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வேலி என்றால் அது கிடுகு வேலியாகவே இருக்கும். கிடுகு எல்லாம் ஏறக்குறைய ஓரளவினது. வேண்டியதை வாங்கி வந்து வரிசையாகக் கட்டிவிட்டால் மாலைக்குள் வேலி எழுந்துவிடும். கல்வேலி அப்படியன்று. ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, இருக்கும் இடைவெளிக்கு அது பொருந்துமா என்று கண்டு, பொருந்தாவிட்டால் ஒரு பக்கம் வைத்து, வேறொன்றை எடுக்க வேண்டும். ஆறுதலான வேலை.

இவ்வாரம் வேலிகளிலே தொடங்கியதற்குக் காரணம் உண்டு. எம்மிடம் கணினியியல் பயிலும் மாணவியர்களுள் ஒருவர் நெடுந்தீவைச் சேர்ந்தவர். அவர் தம் ஊராருக்காக அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் இயங்கும் செயலி ஒன்றை ஆக்கிக்கொண்டிருக்கிறார். அதன் வேலை ஒன்றே: இன்று படகு உண்டா, இல்லையா, உண்டெனில் புறப்பட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டுவது. துறையில் நிற்கும் உறவினர் காலையில் சொல்வதை மாணவியே பதிவு செய்கிறார்.

இது சிறிய காரியம் என்று குடாநாட்டில் இருப்போர் நினைக்கலாம். குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோழகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குத் தவணை பெற்றவரும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் விடியுமுன் எழுந்து மாவிலித்துறைக்கு வந்து காத்திருக்க வேண்டியவர்கள்.

மாணவி முதலில் ஆக்கியது கிடுகு வேலி. அதில் பிழையில்லை, நாமும் அப்படியே தொடங்கச் சொல்வோம். திரையில் தெரியும் எழுத்து, பொத்தான், படம் ஆகிய ஒவ்வொன்றையும் அன்ட்ரொயிட்டில் 'வியூ' என்பர். நாம் காட்சிக்கூறு என்போம். ஆயத்தமாகச் செய்து வைத்த காட்சிக்கூறுகள் பல உள. அவற்றை எடுத்து அடுக்கினால் ஒரு பிற்பகலில் செயலி தயாராகிவிடும். அவர் ஒவ்வொரு செய்தியையும் ஒற்றை வரிப் பெட்டியில் இட்டார். நீளம் மிகுந்தால் வாலை வெட்டி மூன்று புள்ளி வைக்குமாறு பெட்டிக்குக் கட்டளையும் கொடுத்தார். அது வழக்கமான கட்டளைதான்.

ஒரு நாள் படகு இல்லையென்று ஊரில் ஒரு வதந்தி பரவியது. அதை மறுக்க எண்ணிய மாணவி, 'காலைப் படகு இன்று இரத்துச் செய்யப்படவில்லை' என்று பதிந்தார். பெட்டி அதனை 'காலைப் படகு இன்று இரத்துச் செய்ய…' என்று காட்டியது. அவருடைய அம்மம்மா அதை வாசித்து, "இண்டைக்குப் படகு இல்லையாம்" என்று உடுத்திய சேலையை மாற்றிவிட்டு இருந்துவிட்டார். படகு போயிற்று. கிளினிக்குத் தவணையும் போயிற்று.

இவ்விடத்தில் சற்று நிற்போம். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே வரும். வால் வெட்டுண்டாலும் தலை தப்பும். தமிழிலோ வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. 'உண்டு', 'இல்லை' என்னும் தீர்ப்பு அவ்வினைமுற்றின் இறுதியில் நிற்கிறது. வரும், வராது, போகலாம், போகமுடியாது. தமிழ் வாக்கியத்தின் வாலை வெட்டுவது அதன் தீர்ப்பையே வெட்டுவதாகும். மூன்று புள்ளி வைத்த பொறியியலாளர் எவரும் தமிழ்ப் பகைவர் அல்லர். அவர் கண்முன் இருந்த வாக்கியங்கள் வேறு, அவ்வளவே.

இரண்டு வரிக்கு இடம் விட்டால் பெட்டியின் குறை தீர்ந்துவிடும். இதற்காகப் புதிய காட்சிக்கூறு ஏன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. கிடுகு போதுமான இடத்தில் கல் சுமப்பவனை நாம் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டோம். மாணவியும் பெட்டியை அன்றே திருத்திவிட்டார். ஆனால் அம்மம்மா சொன்ன இன்னொரு வார்த்தை அவர் மனத்தில் நின்றுவிட்டது. "பிள்ளை, எனக்கு எழுத்தைவிட மணிக்கூட்டைப் பார்க்கத்தான் சுகம்." ஆதலின் மணிக்கூட்டு முகம் போன்ற வட்டம் ஒன்று வேண்டியதாயிற்று. படகு புறப்படும் நேரம் அதில் ஒரு குறி. இப்போதைய நேரம் ஒரு முள். இரண்டுக்கும் நடுவே எஞ்சிய நேரம் நிறத்தால் நிரம்பியிருக்கும். இப்படியொன்று ஆயத்தக் கூறுகளில் இல்லை. கல்லெடுத்து அடுக்க வேண்டியதுதான்.

தாமே ஆக்கும் காட்சிக்கூறு இரண்டு காரியங்களைச் செய்யக் கற்க வேண்டும். முதலாவது அளத்தல், இரண்டாவது வரைதல். தனக்குள் வேறு கூறுகளை அடக்கிய கூறாயின் அவற்றை இடம்பார்த்து இருத்துவதும் அதன் கடமை. இவற்றுள் அளத்தலையே மாணவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். எமக்கோ மிகவும் பிடித்தது அதுவே. அன்ட்ரொயிட்டில் வெளியே நிற்கும் கூறு பெற்றோர். உள்ளே நிற்பது பிள்ளை. பெற்றோர் பிள்ளையிடம் மூன்று விதமாகப் பேசுவர். 'உனக்கு இத்தனை பரப்புத்தான்' என்பது ஒன்று. 'இத்தனை பரப்புக்கு மேற்படாமல் உனக்கு வேண்டியதை எடு' என்பது மற்றொன்று. 'உனக்கு எவ்வளவு வேண்டும்?' என்று எல்லை கூறாது கேட்பது மூன்றாவது. பிள்ளை தன் அளவைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் செயலி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். சீதனக் காணி பிரித்த வீடுகளில் வளர்ந்த எம்மவர்க்கு இந்த உரையாடல் புதிதன்று.

இன்னும் ஒன்று. அளக்கும் முறையை நாம் எழுதிக்கொடுக்காவிட்டால், 'வேண்டியதை எடு' என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை தரப்பட்ட எல்லை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அன்ட்ரொயிட்டின் இயல்பான நடத்தை அதுவே. மாணவியின் வட்டம் முதல் நாள் திரை முழுவதையும் விழுங்கிக்கொண்டு நின்றதற்குக் காரணமும் அதுவே.

வரைவதில் நேரக் கணக்கு உண்டு. திரை ஒரு வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுமானால், ஒரு தடவைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லிவினாடி. அதற்குள் வரைந்து முடிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிய தூரிகை வாங்கிக்கொண்டிருக்கலாகாது. தூரிகையை முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வதே முறை. முள் நகர்ந்தால் வட்டத்தை மீண்டும் வரையச் சொன்னால் போதும். அளவு மாறினால் மட்டுமே மீண்டும் அளக்கச் சொல்ல வேண்டும். வெள்ளையடிக்க வேண்டிய இடத்தில் அத்திவாரத்தைக் கிண்டுவார் உண்டோ?

வட்டத்தின் மேல்வளைவில் ஊரின் பெயரை எழுத முனைந்தார் மாணவி. வளைவில் எழுதுவதாதலால் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, சிறிது சிறிதாகச் சாய்த்து வரைந்தார். வந்து விழுந்ததைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம். நகரம் தனியே நின்றது. அதற்கு முன் நிற்க வேண்டிய கொம்பு, புள்ளிவட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பின்னே நின்றது. 'நெடுந்தீவு' என்பதில் எத்தனை எழுத்து என்று நெடுந்தீவுப் பாலர் வகுப்பில் கேட்டால் ஐந்து என்பார்கள்: நெ, டு, ந், தீ, வு. கணினியைக் கேட்டால் 10 என்னும். யூனிக்கோட் முறையில் மெய்யின் வடிவம் ஒரு குறி, அதனோடு சேரும் உயிர்க்குறியோ புள்ளியோ மற்றொரு குறி. இவ்வூர்ப் பெயரில் துணைக்குறி இல்லாத எழுத்து ஒன்றேனும் இல்லை! ஆங்கில எழுத்துக்குப் பழகிய நிரல் ஒரு குறியை ஓரெழுத்து என்று எண்ணி வெட்டும்; உயிர்மெய் உயிர் வேறு மெய் வேறாகிவிடும்.

மருந்து இருக்கிறது. வாசிப்பவர் ஓரெழுத்தாகக் கருதுவது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் 'பிறேக் இற்றரேற்றர்' என்னும் கருவி அன்ட்ரொயிட்டிலேயே உண்டு. அது வெட்டும் இடத்தில் வெட்டினால் ஐந்து எழுத்தும் ஐந்தாகவே வரும். 'க்ஷ' போன்ற கூட்டெழுத்தை மட்டும் அது 'க்' என்றும் 'ஷ' என்றும் இரண்டாக்கக் கூடும். அதனைத் தனியே கவனித்துக்கொள்ள வேண்டும். எழுதிய நிரலைச் சோதிக்க 'நெடுந்தீவு' என்ற சொல்லையே இப்போது எம் வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

வட்டத்தின் கீழே அடுத்த நாட்களுக்குரிய படகுகளின் பட்டியல். இங்கே காட்சிக்கூறுகளின் தொகையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. செய்தி வர வர வரிசைகள் கூடும், குறையும். நூறு வரிசைக்கு நூறு கூறு ஆக்கினால் பழைய கைத்தொலைபேசி திணறும். அதற்காக 2014ஆம் ஆண்டில் வந்தது 'றீசைக்கிளர் வியூ' என்னும் ஏற்பாடு. அன்னதான மடத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் உண்ண ஆயிரம் இருக்கை போடுவதில்லை. எழுந்தவர் இடத்தில் அடுத்தவர் அமர்கிறார். அவ்வாறே திரையின் மேல் விளிம்பில் மறைந்த வரிசை, புதிய செய்தியை ஏந்திக்கொண்டு கீழ் விளிம்பில் எழுகிறது.

ஆனால் முந்தியவர் உண்ட இலையை எடுக்காமல் அடுத்தவரை அமர்த்தினால் என்ன நேரும்? படகு இல்லாத நாளின் வரிசைக்குச் சிவப்புப் பட்டை இடும்படி மாணவி எழுதியிருந்தார். படகு உள்ள நாளில் பட்டையை அகற்றும்படி எழுதவில்லை. புதிய வரிசையில் பட்டை எப்படி வரும் என்று எண்ணிவிட்டார். கல்லூரியில் நாம் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தபோது, நல்ல நாள் ஒன்று சிவந்து நின்றது. மறுபடி தள்ளினால் வேறொரு நாள் சிவந்தது. பிழை இடம் மாறி விளையாடியதால் முதலில் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபின் மாணவியின் முகம் வாடிவிட்டது. "சேர், இதைத் தெரியாமல் ஊருக்குக் கொடுத்திருப்பேனே" என்றார். திருத்தம் ஒரே வரி: 'இல்லையெனில் பட்டையை மறை.'

இப்போது அன்ட்ரொயிட்டில் 'கொம்போஸ்' என்னும் புதிய முறையும் உண்டு. 2021இல் அதன் முதற் பதிப்பு நிலைபெற்றது. அதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், பேசட்டும். அதிலும் அளக்க வேண்டும், வரைய வேண்டும். உயிர்மெய்யும் அதே உயிர்மெய்தான்.

எமக்கு அதனிலும் முக்கியமாகத் தோன்றியது அம்மம்மாவின் கண். 2023இல் வந்த அன்ட்ரொயிட் 14, எழுத்தை 200 விழுக்காடு வரை பெருப்பிக்க இடமளிக்கிறது. ஆயத்தக் கூறுகள் அதற்கேற்ப எழுத்தைப் பெருப்பிக்கும். நாமே வரைந்த வட்டத்தில், விரலால் அளந்து வைத்த எண்கள் அப்படியே சிறுத்து நிற்கும். அவற்றையும் பெருகும் அலகில் கணக்கிட்டு எழுதினாலன்றி வழியில்லை. பார்வை இல்லாதவர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் 'ரோக்பாக்' நாம் வரைந்த வட்டத்தின் முன் ஊமையாகிவிடும். 'படகு உண்டு, இன்னும் நாற்பது நிமிடம்' என்ற வாக்கியத்தை நாமே அதன் வாயில் வைக்க வேண்டும். மாணவி வைத்திருக்கிறார். முழு வாக்கியமாகவே, வாலோடு.

நாம் திரும்பும் காலையில் அம்மம்மாவும் கிளினிக்குக்குப் புறப்பட்டு, மாவிலித்துறையில் எம்மோடு காத்திருந்தார். கைத்தொலைபேசியை முழங்கையளவு தூரத்தில் பிடித்து வட்டத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு" என்றார். பேர்த்தியின் முகம் மலர்ந்தது. உடனே அவர் திரும்பி, கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த படகுக்காரரைப் பார்த்து, "தம்பி, எத்தனை மணிக்கு வெளிக்கிடுறியள்?" என்று கேட்டார்.