முத்திரையற்ற உறைக்குப் பெயர் சூட்டுவோர்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் படையின் கைத்துப்பாக்கி உறைகளை விற்போர் தம் விவரக்குறிப்பில் இரண்டு செய்திகளை அருகருகே எழுதுவர்: உறையில் முத்திரை ஏதும் இல்லை, எனினும் தையலையும் வெட்டையும் நோக்கின் இன்ன நிறுவனத்தின் வேலையே. அந்த 'எனினும்' எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வணிகர் அப்படி எழுதுவதில் வியப்பில்லை. பெயருள்ள பொருளுக்கு விலை கூடுதல். ஆய்வுலகத்தார் அதைச் சான்றாக எடுத்தாள்வதைத்தான் ஏற்க இயலவில்லை.

முறைப்படி படைக்கு வழங்கப்பட்ட உறையின் பின்புறத்தில் பொதுவாகச் செய்தவர் பெயரும் ஊரும், ஆண்டு, கழுகு பொறித்த ஆய்வு முத்திரை ஆகியவை இருக்கும். 1940களின் தொடக்கத்தில் பெயருக்கு மாற்றாகக் குறியெழுத்துகள் வந்தன. 'சி.எக்ஸ்.பி.' என்றால் கோக் நகரின் மோல் நிறுவனம். பின்னர் பல தோல்பொருள்களில் நீண்ட தொழிலக எண் இடம்பிடித்தது. ஆலை எங்கே இருக்கிறது என்பதைப் பகைவர் அறியலாகாது என்பதே நோக்கம். செய்தவரை மறைப்பதற்கென்றே ஓர் அரசு வகுத்த ஏற்பாட்டை, வெறும் தையலைப் பார்த்தே வென்றுவிட்டதாகச் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

முத்திரை இல்லாமற்போனதற்குக் காரணமும் ஒன்றன்று. பின்புறம் இடுப்போடு உரசும் பக்கம். அங்கே முத்திரை தேயும். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மானியக் காவல் துறை பழைய உறைகளைப் பயன்படுத்தியது, அதே பாங்கில் புதியனவும் செய்வித்தது. அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கிய உறைகளில் பல எந்தப் படை முத்திரையும் பெற்றதே இல்லை. ஆகவே முதல் வினா 'யார் செய்தது' என்பதன்று. 'இதில் எப்போதாவது முத்திரை இருந்ததா' என்பதே. சாய்வொளியில் தோலைப் பார்த்தால் சிலவேளை அதற்கு விடை கிடைக்கும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

மொழியியல் மாணவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. இரு மொழிகள் மூலமொழியிலிருந்து பெற்றுப் பேணிய பழைய கூறுகளைக் கொண்டு அவற்றை ஒரே கிளையில் சேர்க்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான புத்தாக்கம் வேண்டும் என்று லைப்சிக்கில் இருந்த ஆகுஸ்ட் லெஸ்கின் 1876இலேயே வற்புறுத்தினார். 'பி.08' உறையின் மூடியும், முன்விளிம்பில் உள்ள தோட்டாக்கூட்டுப் பையும், மூடியின் உட்புறக் கருவிப் பையும் படையின் மாதிரி வகுத்தவை. அம்மாதிரியைப் பின்பற்றிய எல்லா ஆலைகளும் அவற்றைச் செய்தன. அவை பேணப்பட்ட கூறுகள், யாரையும் காட்டிக்கொடுக்கா. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதும் அப்படியே. ஒரே வகை இயந்திரம் பல பட்டறைகளில் ஓடியிருக்கும். வெட்டச்சின் விளிம்பு சிதைந்து விட்ட ஒரு வடு, முத்திரையுள்ள உறையிலும் முத்திரையற்ற உறையிலும் அதே இடத்தில், அதே வடிவில் இருக்குமாயின் பேசலாம். அப்போதும் அது ஒரே அச்சைத்தான் நிறுவும். அச்சு கைமாறியதா, உட்குத்தகைக்குப் போனதா என்பது தனி வழக்கு.

'வெறும் தோல்துண்டுக்கு இவ்வளவு கண்டிப்பா' என்பர். ஆம். போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த கெட்டோவில், 1944இல் அது கலைக்கப்படும்வரை, தையற்கூடங்களும் தோல் பட்டறைகளும் ஜெர்மானியப் படைக்காக இயங்கின. ஆலைகள் பலவற்றில் அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர் உழைத்தனர். இந்த உறை அவர்கள் தைத்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் சான்று வேண்டும். ஆனால் பெயரற்ற பொருள் ஒவ்வொன்றையும் ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் கணக்கில் எழுதிவைத்தால், யாருடைய கைகள் தைத்தன என்ற வினா எழுவதற்கே இடமில்லாமற் போகிறது. முதலாளியின் பெயரைத் தேட இத்தனை பேர். தொழிலாளியைத் தேட யாரும் இல்லை.

ஆகவே, பெயர் சூட்டுவோர் ஒப்பிட்ட முத்திரையுள்ள உறையின் படத்தையும், பொதுவான வடுவின் அளவையும் வெளியிடட்டும். இயலாவிடில் விவரக்குறிப்பில் 'செய்தவர்: தெரியவில்லை' என்று எழுதட்டும்.