மருந்துவாழ் மலைக்கு ரோப் கார் வேண்டாம்

காலை நடைப் பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பழனியில இருக்கிற மாதிரி நம்ம மருந்துவாழ் மலையிலயும் ஒரு ரோப் கார் போட்டா என்ன? நம்மள மாதிரி ஆட்களும் மேல போய் கடலைப் பாக்கலாம்லா?"

கேட்டவருக்கு 74 வயது. எனக்கு 71. உடனே எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அந்த ஆசை எனக்கும் உண்டு.

நான் முதலில் அந்த மலை ஏறியது 1971ல், பள்ளிப் படிப்பை முடித்த வருடம். பொற்றையடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெரியப்பா மகனோடு வெறுங்காலில் ஏறினேன். படிகள் முடிந்த பிறகு பாறைதான். சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். உச்சியில் அண்ணன் என் தோளைத் திருப்பித் தெற்கே காட்டினான். வயல், குளம், தென்னந்தோப்பு, அதற்கப்பால் ஒரே நீலம். கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் மண்டபம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வள்ளுவர் சிலை வர இன்னும் 29 வருடம் இருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. அதன்பின் எத்தனையோ தடவை ஏறிவிட்டேன். ஆனால் மனதில் நிற்பது அந்தக் காட்சிதான்.

இந்தப் பொங்கல் லீவுக்கு வந்த பேரனோடு மறுபடியும் போனேன். விடியுமுன் கிளம்பியும், பாதி தாண்டியதும் முழங்கால் மறுத்துவிட்டது. "தாத்தா, நீங்க இங்கயே இருங்க, நான் போயிட்டு வாரேன்" என்று அவன் போய்விட்டான். நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து மரங்களுக்கு மேலே கடல் ஒரு கோடு போலத் தெரிந்தது. இனி உச்சிக்கு நான் போகப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வருத்தமாகத்தான் இருந்தது.

இருந்தாலும் சொல்கிறேன், ரோப் கார் வேண்டாம்.

பழனியின் கதை வேறு. அங்கே வயதானவர்களும் நேர்த்திக்கடன் உள்ளவர்களும் முருகனைக் கும்பிட மேலே போயே ஆகவேண்டும். அதற்கு இழுவை ரயிலும் ரோப் காரும் நியாயமானவை. மருந்துவாழ் மலையின் பெருமை ஆள் கூட்டத்தில் இல்லை. அனுமார் கொண்டுபோன சஞ்சீவி மலையின் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பது கதை. கதை எப்படியிருந்தாலும், பச்சிலைகளுக்காக வைத்தியர்கள் தேடி வந்த மலை இது. நாராயண குரு 1888ல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்வதற்கு முன்னால், இங்கே பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார். அவர் தனிமையைத் தேடித்தான் இவ்வளவு செங்குத்தான இடத்துக்கு வந்திருக்க வேண்டும். ஏறுவது கஷ்டமாக இருந்ததால்தான் அந்தத் தனிமையும் செடிகொடிகளும் இத்தனை காலம் தப்பின.

ரோப் கார் வந்தால் அதற்குத் தூண் வேண்டும், மேலே ஒரு நிலையம் வேண்டும், டிக்கெட் கவுண்டர், கழிப்பறை, டீக்கடை எல்லாம் வேண்டும். உச்சியில் அதற்கெல்லாம் இடம் ஏது? பாறையை உடைத்தால்தான் உண்டு. அப்புறம் நாம் போய்ப் பார்ப்பது அந்த மலையாக இருக்காது.

அதற்காக ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. வழுக்கும் இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடலாம். பாதி வழியில் என்னைப் போன்றவர்கள் உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் நல்லது. அடிவாரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி அனுப்பி, இறங்கும்போது எண்ணி வாங்கலாம். அன்று நான் உட்கார்ந்த பாறையின் இடுக்கில் மட்டும் ஐந்து பாட்டில் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். குனிந்து எடுக்க இன்னும் முடிகிறது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பேரன் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தான். முழங்கையில் சிராய்ப்பு. செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினான். பாறையில் வள்ளுவர் சுண்டுவிரல் அளவில் நின்றார். "மேல காத்து எப்படி மக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஆளையே தள்ளுது தாத்தா" என்றான்.

நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நம்மால் ஏற முடிந்த காலத்தில் நாம் ஏறினோம். இனி பிள்ளைகள் ஏறட்டும். நாம் பாதி வழி வரை கூடப் போவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் தயார், அண்ணாச்சி. தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.