சமநிலை இழிவன்று

சதுரங்கப் பந்தயத்தில் ஓர் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால் நம்மவரில் பலர் முகம் சுளிக்கின்றனர். 'இருவரும் பேசி வைத்துக்கொண்டனரோ?' என ஐயுறுவோரும் உளர். ஈசனே சதுரங்கமாடி அரசகுமாரியை மணந்தானென்று தலபுராணம் கூறும் திருப்பூவனூர்க் கோயிலை உடையது காவிரி நாடு. அந்நாட்டாரேனும் இவ்விஷயத்தை நிதானித்து நோக்க வேண்டுகிறோம்.

2013-ஆம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி சென்னையில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டம் நடந்தது. மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பிறந்த ஸ்ரீ விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் நார்வே தேசத்துக் கார்ல்ஸனை எதிர்த்தார். 16 நகர்த்தல்களிலேயே சமநிலை! சபையோருக்கு ஏமாற்றம். நடந்தது யாது? ஆனந்தின் குதிரை எதிரியின் பாதியிற் புகுந்து மந்திரியைத் தாக்கிற்று. வெள்ளை மந்திரி புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பிற்று. அப்பால் ராணியும் குதிரையும் ஒன்றையொன்று மாறி மாறித் துரத்தவே, ஒரே நிலை மீண்டும் மீண்டும் தோன்றி ஆட்டம் ஓய்ந்தது. முதலில் நகர்த்தும் சௌகரியம் வெள்ளைக்கு உரியது. அதனை 16 நகர்த்தல்களுக்குள் ஒன்றுமில்லாமற் செய்தவர் நட்டப்பட்டவரா? பின்னர் மூன்று ஆட்டங்களில் தோற்று ஆனந்த் பட்டத்தை இழந்தது மெய்யே. அக்குறையை முதல் ஆட்டத்தின் தலையிற் சுமத்துவது நியாயமன்று.

பேசி முடிப்பதைத் தடுக்க, 2024-ல் ஸிங்கப்பூர்ப் போட்டியில் 40 நகர்த்தலுக்கு முன் சமநிலைக்கு உடன்படலாகாதென்று விதி செய்தனர். அப்படியும் 14 ஆட்டங்களில் 9 சமநிலையே! கடைசி ஆட்டத்தில் சீனத்து டிங் லிரெனுக்குச் சமநிலை கிட்டியிருந்தால் பட்டம் விரைவு ஆட்டங்களுக்குச் சென்றிருக்கும். 55-வது நகர்த்தலில் அவர் யானையைத் தகாத கட்டத்தில் வைத்தார். சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியனானார். சமநிலையைக் காப்பது அத்துணை எளிதன்று.

மற்றொரு விஷயம். 2013-ல் ஆனந்த் கையாண்ட தொடக்கம் 'க்ருன்பெல்டு தற்காப்பு' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரியரான க்ருன்பெல்டு அதனை ஆடியது 1922-ல். கல்கத்தாவிலோ மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காளி, காக்ரேன் துரைக்கு எதிரே 1855-லேயே அதை ஆடிவிட்டார். பெயரிடும் உரிமையும் அன்று ஐரோப்பியரிடமே இருந்தது போலும்! காவிரிக்கரைப் பள்ளிகளில் சதுரங்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள், இத்தொடக்கத்தைச் சொல்லித்தரும்போது அவ்வங்காளியின் பெயரையும் சேர்த்தே சொல்வார்களாக.