உட்காரச் சட்டம் வந்தாச்சு... ஸ்டூல் வந்துச்சா?

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். காலையில் பஸ் ஏறும்போது, ‘கால் கழண்டு போச்சு’ என்று சொல்லாத ஆளே கிடையாது. அதே ஊரை ஒட்டி, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில், அதிகம் நடக்காமலே தினமும் கால் கழண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். துணிக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்கள்தான் அவர்கள்.

நடப்பதைவிட நிற்பது கொடுமை. இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டுமே, அந்த வேலையில் கெண்டைக்கால் சதைக்குப் பெரிய பங்கு உண்டு. நடக்கும்போது அந்தச் சதை சுருங்கிச் சுருங்கி, பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் பம்ப் ஓய்ந்துவிடும், ரத்தம் காலிலேயே தேங்கும். சாயந்திரமானால் பாதம் வீங்கிச் செருப்பு இறுக்குவது இதனால்தான். இது வருஷக்கணக்கில் நடந்தால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீல நிறத்தில் புடைக்கிறது. அதைத்தான் டாக்டர்கள் ‘வெரிகோஸ் வெயின்’ என்கிறார்கள்.

சரி, உட்காரக் கூடாதா? கூடும் என்று சட்டமே சொல்கிறது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நின்றபடி வேலை பார்க்கும் தொழிலாளிக்கு இருக்கை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. மெஷின் முன்னால் நிற்பவருக்குக் கிடைத்த ஸ்டூல், புடவை விரித்துக் காட்டுகிறவருக்கு வந்து சேர 73 வருஷம் ஆகியிருக்கிறது. பிரிட்டனில் கடைப் பெண்களுக்கான இருக்கைச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்பது அங்கே கணக்கு.

நம் பக்கத்தில் இதை முதலில் சாதித்தது கேரளா. அதுவும் யாரோ அதிகாரி மனசு வைத்து வந்ததில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்பவர், ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் கடைப் பெண்களைச் சேர்த்தார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அப்புறம்தான் உட்கார இடம். ‘உட்கார வேண்டுமானால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே’ என்று பேசுகிற உலகத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே வருஷம் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

சட்டக் கதை இத்தனை தூரம் வந்தாச்சு. ஸ்டூல் கதைதான் பாக்கி.

பல கடைகளில் ஸ்டூல் இல்லாமல் இல்லை. கவுன்ட்டருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதன் மேல் மடிக்காத துணியோ, பில் புத்தகமோ, யாருடைய டிபன் பாக்ஸோ உட்கார்ந்திருக்கும். ஆள் உட்கார்ந்திருப்பது அபூர்வம். சூப்பர்வைசருக்கும் கேமராவுக்கும் பயம் என்பது ஒரு காரணம். ஸ்டூலே அந்த இடத்துக்கு ஆகாத ஸ்டூல் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கவுன்ட்டர் சுமார் 3 அடி உயரம். சாதாரண ஸ்டூல் ஒன்றரை அடி. அதில் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்குத் தலை மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவர் வரும்போதும் முழு உடம்பையும் தூக்கி எழுந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படி எழுவதற்குப் பதில் நின்றுகொண்டே இருந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாததற்கு கவுன்ட்டருக்கும் பின்னால் உள்ள அலமாரிக்கும் நடுவே இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போகும் அளவுதான் இடைவெளி. அங்கே ஸ்டூல் போட்டால் முட்டியில் இடிக்கும். முதலாளியின் கல்லாவுக்குப் போடும் நாற்காலியைப் பார்த்தால், உயரம், சுழற்சி, கால் வைக்கக் கம்பி என்று எல்லாம் சரியாக இருக்கும். ஆக, தெரியாமல் இல்லை!

பிளாஸ்டிக் ஸ்டூலைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அது நல்ல கண்டுபிடிப்புதான். அதன் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறதே, அது எதற்குத் தெரியுமா? ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் காற்று சிக்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. விரலை விட்டுத் தூக்கவும் வசதி. பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1933-ல் பிர்ச் மரத்தை வளைத்துச் செய்த மூன்று கால் ஸ்டூலும் இப்படி அடுக்கக்கூடியதுதான். மூன்று கால் என்றால் தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் ஆடாது. நம் ஊர் முக்காலிக்கும் அதே ரகசியம்தான். ஆனால் இவையெல்லாம் முழுசாக உட்காருகிறவருக்கு. பாதி நின்று பாதி உட்கார வேண்டியவருக்கு வேறு சாமான் வேண்டும்.

அந்தச் சாமானும் புதுசில்லை. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் துறவிகள் மணிக்கணக்கில் நின்று ஜெபிக்க வேண்டும். உட்கார அனுமதி கிடையாது. அவர்களுடைய மடக்கு இருக்கையின் அடிப்பக்கத்தில் தச்சர்கள் ஒரு சின்ன விளிம்பு வைத்துக் கொடுத்தார்கள். இருக்கையை மேலே மடக்கினால் அந்த விளிம்பு இடுப்புக்குக் கீழே வரும். நிற்பது போலவே தெரியும், உடம்பின் பாரம் மட்டும் பலகைக்குப் போய்விடும். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு லத்தீனில் ‘இரக்கம்’ என்று பொருள்.

இன்றைக்கு மேல்நாட்டுக் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் இருக்கும் சாய்வு ஸ்டூல் இதன் பேரன்தான். சாதாரண ஸ்டூலைவிட முக்கால் அடி உயரம் அதிகம், இருக்கை முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், கீழே கால் வைக்க ஒரு கம்பி. எழுந்திருக்கச் சிரமமே இல்லை, ஏனென்றால் பாதி எழுந்துதான் இருக்கிறோம். இடம் இல்லாத கடைக்கு சினிமா தியேட்டர் நாற்காலியின் வித்தை போதும். ஆள் எழுந்ததும் ஸ்பிரிங் இழுத்து இருக்கை தானே மடங்கிக்கொள்ளும் அல்லவா? விமானப் பணிப்பெண்களின் இருக்கையும் அப்படித்தான். அலமாரி ஓரத்தில் அதுபோல ஒன்றைத் திருகிவிட்டால் நடைபாதை அப்படியே இருக்கும். நல்ல வெல்டிங் பட்டறைக்காரருக்கு இது பெரிய வேலையில்லை.

கடை மட்டும்தானா? அடுப்பு மேடைக்கு ஏறிய நாளிலிருந்து வீட்டுச் சமையலும் நின்றபடிதான். அரிவாள்மணை காலத்தில் காய் நறுக்குவது உட்கார்ந்துதான். ஆளின் எடையே அரிவாளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மேடை வந்தது, கத்தி வந்தது, மணை பரணுக்குப் போனது. கீழே உட்கார்ந்து எழ முடியாத முட்டிகளுக்கு மேடை வரம்தான். ஆனால் கூட ஒரு ஸ்டூலும் வந்திருக்க வேண்டும்.

செய்யச் சொல்வதாக இருந்தால் அளவைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். நம் பெண்களின் சராசரி உயரம் 5 அடியை ஒட்டித்தான். பெரும்பாலான நாற்காலிகளில் அவர்களுக்குக் கால் தொங்கும், தொடையின் அடியில் விளிம்பு அழுத்தும். சாதாரண ஸ்டூல் என்றால் செருப்போடு நிற்கவைத்து, முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பு வரை அளக்க வேண்டும். மேடைக்கான உயர ஸ்டூல் என்றால், அதில் உட்கார்ந்தால் முழங்கை மேடை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். காலுக்குக் கீழே கம்பி கட்டாயம். கால்களின் அடியில் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள், ஈரத் தரையில் வழுக்காது. சக்கரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.