சூரியன் மறைந்தபின் விளக்கெரிய வழி என்ன?



2012-ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? சென்னைக்கு வெளியே தமிழகம் நாள்தோறும் பல மணி நேரம் இருண்டு கிடந்த ஆண்டு அது. அன்று மின்சாரமே பற்றாக்குறை. இனி வரக்கூடிய ஆபத்து வேறு வகை. மின்சாரம் தாராளமாக இருக்கும்போதே கம்பி செத்துப்போகும் ஆபத்து!

இலங்கையைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததாம், நாடே இருண்டது! குரங்கின் மீது பழி போட்டால் போதுமா? விடுமுறை நாளில் தேவை குறைவு. பகல் வெயிலில் சூரிய மின்சாரம் மிகுதி. சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்களோ குறைவு. அதனால்தான் ஒரு சிறு அடியையும் தாங்க முடியவில்லை.

அனல் மின்நிலையத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் கனத்த டர்பைன், எங்கோ பழுது வந்தாலும் சட்டென்று வேகம் குறையாது. அது தரும் சில விநாடி அவகாசத்தில் மற்ற நிலையங்கள் கைகொடுக்கும். சூரியத் தகட்டில் சுழல்வது ஏதுமில்லை. பாவு தளர்ந்தால், எவ்வளவு உயர்ந்த ஜரிகை போட்டாலும் சேலை நேராக வராது என்பது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

எண்ணூரின் 450 மெகாவாட் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் அனல் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. மூடியது தவறு என்று நாம் சொல்லவில்லை. சாம்பலையும் புகையையும் சுவாசித்த எண்ணூர் மக்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆனால் அந்த நிலையங்கள் தாங்கிய பாரத்தை இனி யார் தாங்குவது?

வழி இல்லாமல் இல்லை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலேயே அமைக்கப்பட்ட 400 மெகாவாட் நிலையம், உபரி மின்சாரத்தால் மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கக் கட்டப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 2016-இல் மாநிலமே இருண்டு போனபின், 2017-இல் மாபெரும் பேட்டரி நிலையத்தை நிறுவியது. பழைய ஜெனரேட்டரை நிலக்கரியின்றிச் சுழலவிட்டு, கம்பிக்கு உறுதி தரவும் முடியும்.

வியாபாரிகளே! கட்டணத்தைக் குறை என்று மனுக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். "ஒரு நிலையத்தை மூடுமுன் அதற்கு ஈடான சேமிப்பு எங்கே?" என்று கேளுங்கள். கடை மாடியில் சோலார் போடுபவர்கள் பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இளைஞர்களே! ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சூரியன் மாலை 6 மணிக்கு மறைகிறது. நம் கடைகளில் கூட்டம் சேர்வதும் 6 மணிக்குத்தான். சிந்திப்பீர்!